எழுவாய் சொல்லாத பிச்சைமணி

1933ஆம் ஆண்டு ஐப்பசி மாதத்தில், மேற்கு மலையை மழை முழுவதுமாக மூடிக்கொண்டிருந்த ஒரு காலையில், பிச்சைமணியை முதன்முதலாகக் கண்டேன். போடிநாயக்கனூர்ப் புகைவண்டி நிலையத்தின் வாயிலில், சாக்கொன்றைக் கொங்காணியாக மடித்துத் தலையில் போட்டுக்கொண்டு அவர் நின்றிருந்தார். அவ்வூர்ப் பெண்கள் பள்ளியில் ஆசிரியையாகச் சேர்வதற்காக நான் வந்திருந்தேன். என்னை அழைத்துவரும்படி அவரை அனுப்பியவர் என் சிற்றப்பா ஞானதுரை; கடைத்தெருவில் ஏலக்காய் வணிகம் செய்துவந்தவர். பிச்சைமணி என் பெட்டியைத் தோளில் ஏற்றிக்கொண்டு சற்றுத் தூரம் நடந்தார். பிறகு திரும்பி, “வெள்ளம் கெடக்கு, பாத்து வாங்க டீச்சரம்மா” என்றார். ஆற்றில் வெள்ளம் வந்துவிட்டதோ என்று அஞ்சி நான் அப்படியே நின்றுவிட்டேன். அவர் சுட்டியதோ கால் நனையும் அளவுக்குத் தேங்கியிருந்த ஒரு குட்டையை. மலைக்கு அப்பால் மலையாள நாட்டுத் தோட்டங்களில் பல்லாண்டு வேலை செய்தவர் என்பதால், தண்ணீரை வெள்ளம் என்று சொல்லும் பழக்கம் அவரை விட்டுப் போகவில்லை. ஒரே சொல் இருவேறு பொருளில் விழும் என்பதை அவரிடம் நான் கற்ற முதல் தடவை அது.

சிற்றப்பாவின் இடத்தில் முன்புறம் கடையும், நடுவில் கிடங்கும், பின்புறம் வீடும் இருந்தன. கிடங்கின் ஒரு பாதியை அடுத்த கடைக்காரர் சங்கரலிங்கத்துக்கு வாடகைக்கு விட்டிருந்தார்கள். மலையிலிருந்து பொதிமாடுகளில் இறங்கும் ஏலக்காய் மூட்டைகளை வாங்கி அடுக்குவதும், கிடங்கைத் திறந்து பூட்டுவதும் பிச்சைமணியின் வேலை. இரண்டு முதலாளிகளுக்கும் பொதுவான ஆள் அவர்.

அன்று மாலையே என் சிற்றன்னை சொர்ணலதா அவரைப் பற்றிய தம் குறையை என்னிடம் கூறினார். “நாலு வருசமா ராத்திரிக்கு நம்ம வீட்டுச் சோறுதான் போகுது. நம்ம ஆளா, அங்கிட்டு ஆளான்னு இன்னும் பிடிபடல” என்றார். எங்கள் குடும்பம் புராட்டஸ்டண்டு சபையைச் சேர்ந்தது. அவ்வூர் வழக்கில் வேதக்காரர். சங்கரலிங்கம் வீட்டாரோ சனிக்கிழமை தவறாமல் குச்சனூர்ச் சனீஸ்வரர் கோயிலுக்கு எள்ளெண்ணெய்க் குப்பியுடன் வண்டி கட்டுபவர்கள். இரு வீட்டாருக்கும் நடுவில் நான்கு ஆண்டுகள் வாழ்ந்த ஒருவர் எந்தப் பக்கத்தவர் என்று எப்படித் தெரியாமல் போகும் என எனக்கு வியப்பாக இருந்தது. நானும் கவனிக்கத் தொடங்கினேன்.

கவனிக்கக் கவனிக்கக் குழப்பமே வளர்ந்தது. பிச்சைமணி என்னும் பெயர் இரு பக்கத்திலும் உண்டு. முதற்பிள்ளைகளை இழந்த தாய், அடுத்த பிள்ளையைப் பிச்சையாகப் பெற்றதாக எண்ணி இடுகின்ற பெயர். எந்தத் தாயும் இடலாம். நெற்றியில் நீறு இல்லை. ஆனால் மழையிலும் வியர்வையிலும் யாருடைய நீறு மாலைவரை நிற்கிறது? கழுத்தில் கயிறும் இல்லை, சிலுவையும் இல்லை. காதில் துளையிட்டுத் தூர்ந்த தழும்பு இருந்தது. அது பெற்றோரின் நம்பிக்கையைக் காட்டுமே தவிர அவருடையதைக் காட்டாது. சாதியைக் கேட்டவர்களுக்கு, மேலே தோட்டத்துக் கூலி லயத்தில் யாரும் கேட்கவில்லை என்று விடை சொல்லிவிடுவார். கிறிஸ்துமஸ் பலகாரத்தை உண்டார். சங்கரலிங்கம் வீட்டுப் பொங்கலையும் உண்டார். பள்ளிவாசல் தெருவிலிருந்து நோன்புக் கஞ்சி வந்தபோது, சொம்பை அலம்பித் திருப்பிக் கொடுத்து, இன்னும் உண்டா என்று கேட்டதாகச் சிற்றன்னை சொல்லிச் சிரிப்பார்.

ஒருமுறை சங்கரலிங்கம் அவரைத் துணைக்கு வண்டியில் ஏற்றிக் குச்சனூருக்கு அழைத்துச் சென்றார். கோயில் வாசலில் எல்லாரும் உள்ளே போக, பிச்சைமணி வெளியே செருப்புகளுக்குக் காவலாக நின்றுவிட்டார். நம்பிக்கை இல்லாததால் நின்றாரா, உள்ளே விடமாட்டார்கள் என்று அறிந்து நின்றாரா, செருப்பு காணாமற்போகும் என்று நின்றாரா? திரும்பி வந்த சங்கரலிங்கத்துக்கும் விடை தெரியவில்லை. எங்கள் ஆலயத்திலும் இப்படித்தான். பாட்டு நடக்கும்போது வெளிச்சுவரின் ஓரமாக வந்து நிற்பார். பிரசங்கம் தொடங்கியதும் போய்விடுவார்.

நான் நெடுநாள் கவனித்தது வேறொன்று. மாலையில் கிடங்கில் அரிக்கேன் விளக்கை ஏற்றுவார். திரியில் தீ பற்றியதும், கண்ணாடியை இறக்குவதற்கு முன், அவருடைய வலக்கை ஒரு கணம் நெஞ்சுக்கு நேரே உயரும். விளக்கைக் கண்டதும் கும்பிடும் கையின் பாதிபோல் அது இருக்கும். தீ அணையாமல் மறைக்கும் கைபோலவும் இருக்கும். இன்னதென்று என்னால் முடிவு செய்ய இயலவில்லை.

இவையெல்லாம் பொழுதுபோக்கான ஐயங்களாகவே இருந்தன. 1937ஆம் ஆண்டு தை மாதத்தில் அவை ஒருத்தியின் பிழைப்பைத் தீர்மானிக்கும் கேள்வியாக மாறின.

அவள் பெயர் மாயக்காள். பண்ணைப்புரத்தில் கணவனை இழந்தபின் போடிக்கு வந்து, எங்கள் கிடங்கில் ஏலக்காய்க்குக் காம்பு கிள்ளும் வேலை செய்துவந்தாள். பெண்கள் வட்டமாக உட்கார்ந்து, காய்ந்த காயின் காம்பையும் ஒட்டியிருக்கும் தோலையும் நீக்கித் தரம் பிரிப்பார்கள். சேலை மடிப்பில் ஒரு பிடி காயை மறைப்பது எளிது என்பதால், நம்பிக்கையான பெண்களை மட்டுமே முதலாளிகள் உள்ளே விடுவார்கள். ஒரு கிடங்கில் களவுப் பெயர் வாங்கியவளுக்குப் போடியில் வேறெந்தக் கிடங்கின் கதவும் திறக்காது.

அந்தத் தை மாதத்தில் சங்கரலிங்கத்தின் முதல்தரக் காய் மூட்டையொன்று கிடங்கில் காணப்படவில்லை. முந்தைய நாள் பொழுது சாயும் வேளையில், மாயக்காள் பின்வாசல் வழியாகத் தலையில் பெரிய பொதியுடன் போனதைத் தாம் பார்த்ததாக அவருடைய கணக்கப்பிள்ளை ஒச்சாண்டி கூறினார். மாயக்காள் மறுக்கவில்லை. பொதியில் இருந்தது கிள்ளிப்போட்ட காம்பும் தோலும் என்றும், கொசுவுக்குப் புகை போடுவதற்காக எடுத்துச் சென்றதாகவும், எல்லாம் எரிந்து சாம்பலாகிவிட்டதாகவும் சொன்னாள். சாம்பலை வைத்து எதை மெய்ப்பிப்பது? பின்வாசலில் அப்போது நின்றவர் பிச்சைமணி ஒருவர்தாம். அவர் சொல்வதைப் பொறுத்தே எல்லாம் முடியும் என்றாயிற்று.

கடைத்தெரு வணிகர்கள் கூட்டவிருந்த பஞ்சாயத்துக்கு முந்திய பகலில் மாயக்காள் என் பள்ளியின் வேலியோரம் வந்து நின்றாள். “பட்டினி கெடந்துக்கிருவேன் டீச்சரம்மா. களவாணிங்கிற பேரோட இந்தத் தெருவுல நடக்க முடியாது. அவரு எந்தச் சாமிமேலயாச்சும் சத்தியம் பண்ணிருவாருல்ல?” என்று கேட்டாள். எனக்குத் தெரியாது என்று சொல்லத்தான் முடிந்தது.

அவள் சத்தியத்தைப் பற்றிக் கேட்டதற்குக் காரணம் உண்டு. சங்கரலிங்கம் கொடியவர் அல்லர். ஆனால் வெறுஞ்சொல்லை நம்பித் தம் பொருளை விட்டுக்கொடுக்க அவர் ஆயத்தமாக இல்லை. பிச்சைமணி சத்தியம் செய்தால் பேச்சை அத்துடன் விட்டுவிடுவதாக அறிவித்திருந்தார். இந்துவானால் உள்ளங்கையில் எரியும் கற்பூரத்தை அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். வேதக்காரர் என்றால் வேதப்புத்தகத்தின்மேல் கைவைத்துச் சொல்ல வேண்டும். மாற்றிச் செய்த சத்தியம் யாரையும் கட்டாது. ஆகவே மூட்டையைப் பற்றிய வழக்குத் தொடங்குவதற்கு முன்பே பிச்சைமணி யார் என்னும் வழக்குத் தொடங்கிவிட்டது.

கடைவாசலில் வணிகர்கள் கூடியிருந்தார்கள். நானும் சிற்றன்னையும் வீட்டு நிலைப்படியில் நின்று கேட்டுக்கொண்டிருந்தோம். மாயக்காள் தெருவின் எதிர்ச்சிறகில், தையற்கடையின் தூணோரம் தனியாக நின்றாள். அந்தத் தையற்கடை கர்ணனுடையது. அவன் சுயமரியாதைக் கட்சியில் சேர்ந்து நீறு பூசுவதை விட்டவன், வாய்த்துடுக்கானவன்.

முதலில் நாவிதரைக் கேட்டார்கள். தலையில் கத்தி வைக்கும்போது எவனும் தன் சாமியின் பெயரை முணுமுணுப்பான் என்றும், பிச்சைமணி மட்டும் காது பத்திரம் என்று சொல்வார் என்றும் அவர் தெரிவித்தார். சிற்றன்னை நிலைப்படியிலிருந்தே, ஆலயச் சுவரோரம் அவர் நிற்பதை எடுத்துக் கூறினார். பாட்டுக்கு நிற்பவன் பக்தனென்றால் ஊர் நாடகக் கொட்டகை முழுவதும் பக்தர்கள்தாம் என்றான் கர்ணன். சனிக்கிழமைகளில் அவர் ஒருபொழுது மட்டும் உண்பதைச் சங்கரலிங்கம் சான்றாகக் காட்டினார். அன்று சங்கரலிங்கம் குடும்பத்தோடு குச்சனூர் போய்விடுவதால் அவருக்கு மதியச் சோறு தரும் அந்த வீட்டில் அடுப்பே எரிவதில்லை என்று ஒச்சாண்டி தம்மை மறந்து சொல்லிவிட, கூட்டம் சிரித்தது.

சங்கரலிங்கம் பொறுமை இழந்தார்.

“ஏலே பிச்சைமணி, நேரா கேக்குறேன். நீ எந்தச் சாமியக் கும்புடுற?”

“மூட்டையப் பத்தித்தான மொதலாளி கேக்க வந்தீக?” என்றார் பிச்சைமணி.

குரலில் எதிர்ப்பு இல்லை. உண்மையாகவே ஐயம் கேட்பதுபோல் இருந்தது. ஆனால் மாயக்காளின் முகம் வெளுத்ததை நான் கண்டேன். அவர் ஒரு பெயரைச் சொன்னால் போதும், ஏதேனும் ஒன்று. அதைச் சொல்லாமல் நழுவுவது அவளை நழுவவிடுவதாகவே அவளுக்குத் தோன்றியிருக்கும்.

முடிவில் என் சிற்றப்பா ஒரு வழி சொன்னார். கற்பூரமும் வரட்டும், வேதப்புத்தகமும் வரட்டும். இரண்டின்மேலும் சத்தியம் செய்துவிட்டால் எது அவரைக் கட்டுமோ அது கட்டிக்கொள்ளும் என்றார். வணிகர்கள் அதனை ஏற்றார்கள். கர்ணன் மட்டும் கத்தரிக்கோலைக் கீழே வைத்துவிட்டு எழுந்து வந்தான். “ரெண்டு சத்தியமா? நாளைக்குப் பொய்யின்னு ஆச்சுன்னா யாரு மொதல்ல தண்டிக்கிறதுன்னு அவுகளுக்குள்ள சண்டை வந்துரும்யா” என்றான்.

பெஞ்சின்மேல் ஒரு பக்கம் தட்டில் கற்பூரம். மறுபக்கம் வெள்ளைத் துணியில் சுற்றிய வேதப்புத்தகம். பிச்சைமணி நடுவில் வந்து நின்றார். இரண்டையும் பார்த்தார். பிறகு தலையை நிமிர்த்தி நேரே பார்த்துக்கொண்டு பேசினார்.

“இந்த ரெண்டும் இருக்கட்டும் மொதலாளி. அந்தப் பொதியில காம்பும் தோலுந்தான் இருந்துச்சு. நான் அவுத்துப் பாத்தேன். நாந்தான் தூக்கித் தலையில வச்சுவிட்டேன். பாத்துக்கிட்டு இருக்காக. பொய் சொல்ல மாட்டேன்.”

அவ்வளவுதான். கற்பூரத்தைத் தொடவில்லை, புத்தகத்தையும் தொடவில்லை.

சங்கரலிங்கம் தம் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டார். “பாத்துக்கிட்டு இருக்காகன்னு அவனே சொல்லிட்டான். சாமி பாக்குறத மறக்காதவன்கிட்டச் சத்தியம் எதுக்கு?” என்றார். ஞானதுரைச் சிற்றப்பாவும் தலையசைத்தார்; கர்த்தரின் பார்வைக்கு அஞ்சுகிறவன் என்று அவர் எடுத்துக்கொண்டார். கர்ணனுக்குச் சிரிப்பு வந்தது.

“சாமியவா சொன்னான்? நம்மூர்ல சாமி பாக்குதுன்னு சொல்லுவோம். வேதக்காரவுக பாக்குறார்னு சொல்லுவாக. இருக்காகன்னா இங்கன நிக்கிற நம்மளத்தான் சொல்றான். இத்தன பேரு பாக்கையில பொய் சொல்ல மாட்டேங்கிறான்.”

“எங்க வீட்டுல குச்சனூரானப் பத்தி வாராக, போறாகன்னுதாம்ப்பா சொல்லுவோம்” என்றார் சங்கரலிங்கம். “நீயே இப்பத்தான அவுகளுக்குள்ள சண்டைன்னு சொன்ன?”

“அது ரெண்டு பேரு. பன்மை.”

“ஒனக்கு மட்டும் பன்மை, எனக்கு மரியாதையாக்கும்?”

இலக்கணம் பயிற்றும் எனக்கு அன்றைய சொற்போர் வியப்பூட்டியது. எழுத்துத் தமிழில் அவர் பேசியிருந்தால் இந்த மயக்கம் இவ்வளவு தூரம் வளர்ந்திராது. ஒருவரை மதித்துச் சொன்னால் ‘இருக்கிறார்’ என்போம். பலரைச் சொன்னால் ‘இருக்கிறார்கள்’ என்போம். அவ்வட்டாரப் பேச்சிலோ இரண்டுக்கும் ‘இருக்காக’ என்னும் ஒரே முற்றுத்தான். எழுவாயைச் சொல்லாமல் விட்டுவிட்டால், கேட்பவர் தமக்கு வேண்டிய எழுவாயை வைத்து வாக்கியத்தை நிரப்பிக்கொள்வார். அப்படித்தான் நிரப்பினார்கள். சங்கரலிங்கம் சனீஸ்வரரை வைத்தார். சிற்றப்பா கர்த்தரை வைத்தார். கர்ணன் கடைத்தெருவை வைத்தான். மூவரும் ஒருவரை ஒருவர் மறுத்தபோதிலும், பிச்சைமணி சொன்னது மெய் என்பதில் ஒன்றுபட்டார்கள். மாயக்காள் மறுநாள் வேலைக்கு வரலாம் என்று தீர்ப்பாயிற்று.

அந்த வாக்கியத்தை எழுவாய் இல்லாமல் விட்டுவிட என்னால் முடியவில்லை. சில நாள்கள் கழித்து, பிச்சைமணி முற்றத்தில் சாக்கு தைத்துக்கொண்டிருந்தபோது அருகில் சென்றேன். அன்று பஞ்சாயத்தில் பார்த்துக்கொண்டிருந்ததாக அவர் சொன்னது யாரை என்று கேட்டேன். இதைக் கேட்பதற்கு என்ன இருக்கிறது என்பதுபோல் நிமிர்ந்து பார்த்தார்.

“மாயக்காதான். எதிர்த்தாப்புலத் தூணோரம் நின்னு என்னையவே பாத்துக்கிட்டு இருந்தாகள்ல?”

ஊரே வானத்திலும் கூட்டத்திலும் தேடிய எழுவாய், தையற்கடைத் தூணோரம் நின்றிருந்தது. யாருக்கும் அது தோன்றாததற்குக் காரணம் ஒன்றே. கடைத்தெருவில் மாயக்காளை எல்லாரும் ‘அவ’ என்றார்கள். ‘வந்தா’, ‘போனா’ என்றார்கள். பெயரில் இருக்கும் ‘அக்கா’ கூட வெறும் பெயராகிவிட்டிருந்தது. மரியாதை விகுதி அவளுக்காகவும் வரக்கூடும் என்று எண்ணிப் பார்க்க ஒருவருக்கும் பழக்கம் இல்லை. பிச்சைமணியோ தம்மைவிட மூத்த அந்தப் பெண்ணை உண்மையாகவே அக்கா என்று அழைத்துவந்தார். அதற்கேற்ற முற்றைத்தான் போட்டிருந்தார்.

“இத்தனை பேர் இருந்தார்களே” என்றேன்.

“அவுகளுக்குத்தான பொழப்பு போகப்போகுது. மத்தவுகளுக்கு வேடிக்கை” என்றார் அவர்.

அப்படியானால் கடவுளை எண்ணிச் சொல்லவில்லையா என்று கேட்டேன். கோணூசியைச் சாக்கில் குத்தி நிறுத்திவிட்டுச் சிரித்தார். “அது வேற கேள்வில்ல டீச்சரம்மா” என்றார். அந்த வேறு கேள்வியை அப்படியே விட்டு மறுபடி தைக்கத் தொடங்கினார். துணிந்து, விளக்கேற்றும்போது கை உயர்வதைப் பற்றியும் கேட்டுவிட்டேன். காற்றுக்கு மறைப்பதாகச் சொன்னார். நான் நம்பிவிட்டேன். வீட்டுக்குள் வந்தபின்தான் அந்தக் கிடங்கில் சன்னலே கிடையாது என்பது நினைவுக்கு வந்தது.

அவர் சொன்னதை நான் மாயக்காளிடம் மட்டும் தெரிவித்தேன். அவள் முதலில் புரிந்துகொள்ளவில்லை. மறுபடியும் சொன்னேன். “என்னையவா இருக்காகன்னு சொன்னாரு?” என்று கேட்டாள். பிறகு மடியில் கிடந்த காயை எடுத்துக் கிள்ளத் தொடங்கினாள். கடவுளைப் பற்றி அவர் என்ன நினைக்கிறார் என்று அவள் அதன்பின் யாரையும் கேட்டதாக எனக்கு நினைவில்லை.

சித்திரையில் மலைமேல் காய் உலர்த்தும் கொட்டகையை ஒழித்துப் பெருக்கியபோது, சங்கரலிங்கத்தின் குறியிட்ட மூட்டை அங்கேயே கிடந்தது தெரியவந்தது. அது மலையைவிட்டு இறங்கவே இல்லை. பொதி ஏற்றியவர்கள் மறந்துவிட்டிருக்கிறார்கள். சங்கரலிங்கம் மனம் நொந்தார். பிராயச்சித்தமாக, தம் வீட்டுப் பெண்களோடு மாயக்காளையும் வண்டியில் ஏற்றிக் குச்சனூருக்கு அழைத்துச் சென்று எள்விளக்குப் போடச் செய்தார். எப்படி இருந்தது என்று நான் கேட்டதற்கு, வண்டி குலுக்கியதில் இடுப்புப் போயிற்று என்றாள் மாயக்காள்.

ஆண்டுகள் சென்றன. போர் வந்தது, தண்டவாளத்தைப் பெயர்த்துக் கொண்டுபோனார்கள், போடிக்குப் புகைவண்டி நின்றது. பிச்சைமணி பற்றிய கேள்வி மட்டும் தீரவில்லை. சங்கரலிங்கம் அவரைத் தம் பக்கத்து ஆள் என்றே உறுதியாக நம்பினார். சிற்றன்னை ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் அவருக்கென ஆலயத்தில் ஓர் இடம் போட்டு வைத்தார். அவர் சுவரோரத்தைவிட்டு உள்ளே வந்ததே இல்லை. கர்ணன் தன் கட்சிக் கூட்டங்களில் அவரை எடுத்துக்காட்டாகப் பேசினான். அந்தக் கூட்டங்களுக்கும் அவர் போனதில்லை. மாயக்காள் நாள்தோறும் மதியம் தன் தூக்குச்சட்டியில் அவருக்கும் சேர்த்துக் குழம்பு கொண்டுவந்தாள். தெருவில் கேலி பேசியவர்கள் உண்டு. அக்கா வீட்டுக் குழம்புக்குக் கேலி என்ன வேண்டியிருக்கிறது என்று கேட்டு, அவர்களுக்கும் ஒரு கரண்டி ஊற்றுவார் பிச்சைமணி.

1945ஆம் ஆண்டு கார்த்திகையில் அவரை மலைக்காய்ச்சல் பிடித்தது. அவருடைய இறுதி ஊர்வலத்தைப் பற்றிப் போடியில் நெடுநாள் பேசிக்கொண்டார்கள். ஏனெனில், அவ்வூர் இந்துக் குடும்பங்களில் பெண்கள் பாடையின் பின்னே தெருமுனைவரைதான் வருவார்கள்; அங்கே நின்று அழுதுவிட்டுத் திரும்பிவிடுவார்கள். அன்றோ வயது முதிர்ந்த மாயக்காள் தெருமுனையைத் தாண்டி, கடைத்தெருவைத் தாண்டி, ஆற்றங்கரைச் சுடுகாடுவரை ஆண்களோடு நடந்தாள். வழியில் இருவர் தடுத்தபோது, அவர்களை விலக்கி வழிவிட்டவர் சங்கரலிங்கம். சனிக்கிழமை விரதக்காரராகிய அவரே இதனைச் செய்தது பலருக்கு விளங்கவில்லை. வேதக்காரர்களில் பெண்கள் கல்லறைத் தோட்டம்வரை வருவது வழக்கமாகையால், பிச்சைமணி உள்ளூர நம்மவர்தாம் என்று சிற்றன்னை கண்ணீருடன் மகிழ்ந்தார். மூடவழக்கம் ஒன்று ஒழிந்தது என்றான் கர்ணன். சாகிறவன் சொல்லைத் தட்டுவது பாவம், அதனால் செய்தேன் என்று சங்கரலிங்கம் சுருக்கமாக முடித்துக்கொண்டார்.

அந்தச் சொல் என்ன என்பதை, அப்போது கிடங்கில் இருந்த காரணத்தால் நான் அறிவேன். அவர் இறப்பதற்கு முந்தைய நாள் பிற்பகலில் சங்கரலிங்கம், சிற்றப்பா, கர்ணன் மூவரும் அவருடைய பாயைச் சுற்றி உட்கார்ந்திருந்தார்கள். சங்கரலிங்கம் குச்சனூர் விபூதியை அவர் நெற்றியில் இட்டார், அவர் துடைக்கவில்லை. சிற்றப்பா ஜெபம் செய்தார். அவர் கண்களை மூடியிருந்தார், காய்ச்சலினாலும் இருக்கலாம். இதெல்லாம் உமக்கு வேண்டுமா என்று கர்ணன் குனிந்து கேட்டான். அவுக ஆசைக்கு என்று மெல்லச் சொன்னார். மாயக்காள் கதவருகில் நின்றிருந்தாள். அந்த ஆண்கள் சுற்றியிருந்ததால் அருகில் வரவில்லை.

சங்கரலிங்கம் கடைசியாக, எரிப்பதா புதைப்பதா என்பதையாவது சொல்லிவிடும்படி கேட்டார். தாம் எதையும் தவறாகச் செய்துவிடக் கூடாது என்றார். பிச்சைமணி வெகுநேரம் கூரையைப் பார்த்துக்கொண்டு கிடந்தார். எங்கள் எல்லாருக்கும் அந்தப் பழைய கேள்வியின் விடை இதோ வந்துவிடும் என்றே தோன்றியது. பிறகு கண்களைக் கதவுப் பக்கம் திருப்பிக் கேட்டுக்கொண்டார்:

“எப்படி வேணும்னாலும் கொண்டுபோங்க மொதலாளி. மாயக்காவத் தெருமுனையில நிறுத்திராதீக. கடைசி வரைக்கும் வரணும்னு அவுகளுக்கு இருந்துச்சுன்னா, வரட்டும்.”